நாலுக்கு மேல் எடுத்துக்கொள்ளாத பெட்டி

வீட்டுக் கம்ப்யூட்டரைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் முடிவு செய்தார். காரணம், பேராசை. ஸ்டீயரிங்கைப் பிடித்து விளையாடும் கார்ப் பந்தயம் ஒன்று புதிதாக வந்திருந்தது. பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று அலறும் மனிதருக்கு, கொஞ்ச நேரமாவது பிரேக்கே இல்லாமல் பறக்க ஆசை இருக்காதா? அதற்குப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டும். பழையது உயிரோடு இருக்கும்வரை மனைவி சம்மதிக்க மாட்டாள்.

அவள் ஸ்டுடியோக்காரர்களுக்குப் போட்டோ திருத்திக் கொடுப்பவள். முகப்பருவை அழிப்பாள், மூடிய கண்ணைத் திறப்பாள். எல்லாம் அந்தப் பழைய பெட்டியில்தான். போன பிறந்தநாளுக்கு மாஸ்டரே அதற்கு இன்னொரு நாலு ஜிபி மெமரி வாங்கி, தரையில் மண்டியிட்டு, தன் கையால் மாட்டிக் கொடுத்தார்.

"இனிமே பறக்கும் பாரு!"

"ஆமாங்க, பறக்குது!" என்றாள் அவளும். அந்த ஒரு வார்த்தையை நம்பி, மாஸ்டர் தெருவில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் ஆலோசனை வழங்கிவிட்டார்.

இப்போது திட்டம் சுலபம். கொடுத்த கையே எடுக்க வேண்டியது. அவள் ஸ்டுடியோவுக்குப் போன சமயம் பெட்டியைத் திறந்து, அந்த மெமரியை உருவி, சாக்ஸுக்குள் சுருட்டி அலமாரியில் வைத்தார். பெட்டி நொண்டும். அவள் கண் கலங்குவாள். 'போனா போகுது, புதுசு வாங்கிக்கலாம்' என்று பெருந்தன்மையாகச் சொல்ல, கண்ணாடி முன் பழகியும் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். பின்னால் மாஸ்டர், கையில் பேப்பர், கண் திரையில்.

"என்ன, இன்னிக்கு மெதுவா இருக்கா?"

"இல்லையே."

"படம் திறக்க நேரமாகுதோ?"

"எப்பவும் போலத்தாங்க."

"மறைக்காத. பெட்டிக்கு வயசாயிடுச்சு."

"உங்களுக்குந்தான் ஆச்சு. மாத்தியா விட்டேன்?"

மறுநாளும் பெட்டி ஓடியது. அதற்கடுத்த நாள், ஒரு கல்யாணக் கூட்டத்தையே திரையில் திறந்து வைத்துக்கொண்டு அவள் பாட்டு முணுமுணுத்தாள். மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

"அதெப்படி ஓடும்? உள்ள பாதி மெமரிதான இருக்கு!"

வாய் தவறிவிட்டது. நாற்காலி மெல்லத் திரும்பியது.

"மீதிப் பாதி எங்கங்க?"

"சாக்ஸ்ல."

அவள் சிரித்தாள். "நீங்க உருவின அன்னிக்கே, தூசி தட்டத் திறந்தப்போ அது காணோம்னு பார்த்துட்டேன். இந்தப் பெட்டி நாலு ஜிபிக்கு மேல எடுத்துக்காதுங்க. அந்த நாலு மொதல்லயே உள்ள இருந்துச்சு. நீங்க போட்டது, போட்ட நாள்லேர்ந்து சும்மாதான் உட்கார்ந்திருந்துச்சு."

"பறக்குதுன்னு சொன்னியே?"

"அவ்வளவு ஆசையா முட்டி போட்டு மாட்டினீங்க. சொல்ல மனசு வரல."

மாஸ்டர் உருகிப்போனார். ஓர் உபயோகமும் இல்லாத பரிசை, அவர் மனம் நோகக் கூடாதென்று இத்தனை நாள் சுமந்திருக்கிறாள்! இவளையா ஏமாற்றப் பார்த்தோம்? இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள்?

"அப்ப அன்னிக்கே ஏன் கேக்கல?"

"டீச்சர் பிரிண்டரைத் துடைச்சு வைக்க ரெண்டு நாள் டைம் கேட்டாங்க."

"எந்தப் பிரிண்டர்?"

பக்கத்து வீட்டு டீச்சரின் பெட்டி எட்டு ஜிபி வரை எடுத்துக்கொள்ளுமாம். இதே மெமரி அதற்கும் பொருந்துமாம். பதிலுக்கு, சும்மா வைத்திருக்கும் போட்டோ பிரிண்டரை அவர் தருவாராம். "ஆசையா கொடுத்ததைக் கழட்டுங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களே கழட்டிட்டீங்க! போய்த் தூக்கிட்டு வாங்க."

பிரிண்டர் ஓர் அலமாரி அளவுக்குக் கனம். ஸ்டீயரிங் வைக்க மாஸ்டர் அளந்து வைத்திருந்த மூலைக்கே அது போக வேண்டுமாம். மூச்சு வாங்க, வாசலில் பின்பக்கமாகவே நுழைந்தார்.

உள்ளே நின்று அவள் வழிகாட்டினாள்.

"மெதுவா... ரிவர்ஸ் வாங்க... லெஃப்ட்ல ஒடிங்க... பிரேக்! பிரேக்!"