தரை மிஸ்

புடவை அழுக்காவதைப் பற்றி இம்மிகூடக் கவலைப்படாத பெண்மணி காரிமங்கலத்திலேயே ஒருவர்தான்: எங்கள் பள்ளி எல்.கே.ஜி. மிஸ். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. தரை மிஸ் என்றால் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்.

குழந்தை தரையில் விழுந்து கத்திப் புரண்டால் மற்ற மிஸ்கள் ஸ்கேலைத் தேடுவார்கள். இவர் பக்கத்தில் போய்த் தானும் படுத்துக்கொள்வார். அதட்டல் கிடையாது, சாக்லேட் கிடையாது. "ஃபேன் மேல எவ்ளோ தூசி பாரு சாமி" என்பார், மேலே பார்த்தபடி. அழுகிற குழந்தையும் ஓரக்கண்ணால் ஃபேனைப் பார்க்கும்.

ஆபீஸில் ஃபீஸ் ரசீது எழுதிக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் இலவசக் காட்சி. ஒருமுறை அட்மிஷனுக்கு வந்த குடும்பம், மிஸ் மயங்கிவிட்டார் என்று முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டது. "நல்லாத்தாங்க இருக்கேன், உள்ள வாங்க" என்றார், படுத்தபடியே.

அப்புறம் கவின் வந்து சேர்ந்தான். மூன்றரை வயது. கடிப்பான். வகுப்பில் பாதிப் பேர் கையில் அவன் பல் வரிசை இருந்தது. பெற்றோர்கள் திரண்டு வந்து சண்டை போட, தாளாளர் கவினின் அம்மாவை அழைத்து, நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்றார். பூந்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற அம்மா.

"வூட்ல இவனப் பாத்துக்க ஆளில்லீங்க சார். கூட்டிட்டுப் போலாம்னா தோட்டத்துல கெணறு தொறந்து கெடக்குது" என்று அழுதார்.

"நான் பாத்துக்கறேங்க சார்" என்றார் தரை மிஸ்.

"என்னத்தப் பாப்பீங்க? கூடப் படுத்துத் தூங்குவீங்க! இது ஸ்கூலா, சத்திரமாங்க?" தாளாளர் மேஜையைக் குத்திக் கத்தினார். முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

அம்மாவின் புடவையைப் பிடித்தபடி நின்றிருந்த கவின் அவரை உற்றுப் பார்த்தபடி நெருங்கினான். கடிக்கத்தான் போகிறான் என்று நான் என் காலை நாற்காலிக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அவனோ தாளாளரின் விரலைப் பிடித்து இழுத்தான்.

"கோவமா சார்? கீழ படுத்துக்குங்க. நானும் படுக்கறேன்."

சொன்னபடி அவர் காலடியில் மல்லாந்து படுத்தான். தாளாளர் தரையைப் பார்த்தார். தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போறான், எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார்.

கடி ஒரே நாளில் நின்றுவிடவில்லை. பொங்கல் வரை நாலைந்து பேர் தழும்பு வாங்கினார்கள், மிஸ்ஸையும் சேர்த்து.

போன வருஷம் என் மகளைச் சேர்க்கிற நேரம். தருமபுரியில் ஏசி வகுப்பெல்லாம் இருக்கிறது என்றாள் மனைவி. இருக்கட்டும், என் பிள்ளை அழுவதாக இருந்தால் தரை மிஸ் பக்கத்தில்தான் அழ வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.