சிவப்பு ஜன்னல்

"இனிமேல் என் லேப்டாப்பில் கொசுகூட நுழையாது!"

ராயபுரம் வீட்டுக் கூடத்தில் நின்று நான் செய்த பிரகடனம் இது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆபீசில் எனக்குக் கணக்கு வேலை. போன மாதம் எவனோ அனுப்பிய பில்லைத் திறந்தேன். வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் நண்பன் தௌசீஃப் விண்டோஸை எடுத்துவிட்டுப் பாதுகாப்பான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை, திரையில் தனி நிறத்தில் ஒரு ஜன்னல். ஓர் அறையில் புகுந்த திருடன் அடுத்த அறைக்குத் தாவ முடியாது.

மனைவி சாபிராவுக்குப் பெருமையாக விளக்கினேன். "பச்சை ஓரம் போட்ட ஜன்னல் பேங்க். மஞ்சள் ஆபீஸ். செவப்பு, நம்பக் கூடாத எடம். மூடுனா உள்ள கீறது அல்லாம் அழிஞ்சிடும்."

"நல்லதாப் போச்சு," என்றாள், மீனை அலசிக்கொண்டே.

எனக்கும் நல்லதாகத்தான் போயிற்று. ஒரு ஜோடி பந்தயப் புறாவுக்காக என் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. "மாடிக்குப் புறா ஏறுனா நீங்க எறங்கிடுங்க" என்று சாபிரா எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டாள். காயப்போட்ட துணியெல்லாம் எச்சமாகிவிடுமாம்.

தினமும் சிவப்பு ஜன்னலில், பெயர் பதியாமலே பேசக்கூடிய ஒரு தளத்தில், திருவொற்றியூர் புறாக்காரர் ஆசீர்வாதத்தோடு பேசினேன். ஒருநாள் விலாசமும் போன் நம்பரும் அனுப்பினார். படிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம். படக்கென்று மூடினேன்.

மறுபடி திறந்தால் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. விலாசம் போச்சு. நம்பர் போச்சு. புறாவே போச்சு! ஆசீர்வாதமும் அந்தத் தளத்தில் அப்புறம் தலைகாட்டவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாங்க, மூஞ்சி தொங்கிப்போய்க் கீது?"

"ஆபீஸ்ல பேஜாரு."

"ஆபீஸ்னா மஞ்சளாச்சே? நீங்க செவப்புலதான குந்திகினு இருந்தீங்க? நம்பக் கூடாத எடத்துல இவருக்கு இன்னா சிரிப்புன்னு பின்னாடி வந்து பாத்தேன்."

பக்கத்திலிருந்த லேப்டாப்பை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"ஆசீர்வாதம். தேரடிக்குப் பின்னால மூணாவது சந்து. நம்பரும் வோணுமா?"

"சாபிரா! என் கண்ணே!"

"இருங்க. மாடில துணி காயுற பக்கம் பச்சை. கூண்டுப் பக்கம் செவப்பு. ரெண்டையும் டெய்லி நீங்கதான் கழுவணும்."

"சம்மதம், சம்மதம்!"

ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் கூடையைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "பாய், ஒங்க வூட்டம்மா அன்னிக்கே போன் பண்ணி இந்த ஜோடிய எடுத்து வெக்கச் சொல்ட்டாங்க. மாடி கழுவ ஆளு ரெடின்னாங்களே, கெடைச்சிட்டானா?"

கிடைத்துவிட்டான். தினமும் காலையில் கழுவுகிறான். புறாக்கள் வட்டமடிக்கும்போது மனசும் கூடவே பறக்கிறது. குறையொன்றும் இல்லை.

சாபிராவும் இப்போது பாதுகாப்பில் ரொம்பக் கவனம். வீட்டில் எல்லாத் தலையணைக்கும் புதுப் பச்சை உறை மாட்டியிருக்கிறாள்.

என்னுடையதற்கு மட்டும் சிவப்பு.