சாவு வீடு என்றால் நம்பாதே

நான் கட்சி மாறியவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தண்டையார்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். வீட்டு வாசலில் ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தேன். கம்பு ஒன்றுதான். உச்சியில் கொடிதான் மாறிக்கொண்டே வந்தது. இப்போது அதைப் பிடுங்கிக் குறுக்கே கட்டி என் மனைவி துணி உலர்த்துகிறாள். ("இது துணி காயப் போடத்தான் லாயக்கு" என்று முதல் நாளே சொன்னவள். எங்கள் வீட்டில் கொள்கை மாறாதவள் அவள் ஒருத்திதான்.)

ஏன் மாறினீர்கள் என்று கேட்பவர்களிடம் உலக நிலைமை, தலைவர்களின் துரோகம் என்று கனமான காரணங்களாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பொய். நான் மாறியது ராயபுரத்தில் ஒரு கள்ளுக்கடை வாசலில், ஒரு பிற்பகல், மல்லாந்து படுத்திருந்தபோது.

உப்புக் காய்ச்சிச் சிறைக்குப் போனவர்கள் திரும்பி வந்திருந்த காலம் அது. அடுத்த வேலையாகக் கள்ளுக்கடை மறியல் வந்தது. எனக்கு இருபது வயது. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கு என்னைக் கைவிட்டிருந்தது. எனவே நாடு என்னை அழைத்தது. கதர்ச் சட்டை தைத்துக்கொண்டேன். கதர்க் குல்லாய் ஒன்றும் கிடைத்தது. அது என் தலைக்குக் கொஞ்சம் பெரியது. குனிந்தால் கண்ணை மூடிவிடும். "ஜே" போடும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்வேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்கும் வேலை. மாலையில் திரும்பும்போது அவரிடம் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். வரும் வழியில் ராயபுரத்தில் ரங்கையாவின் கடையில் நுழைந்து கள்ளுக் குடித்துவிட்டு வருவார். அதற்கு அவர் சொன்ன நியாயம் ஒன்றே ஒன்று: "தொண்டையில கீற கரி கீழ எறங்க வாணாமாடா?"

இதற்குப் பதிலாக நான் ஒழுக்கம், நாடு, மானம் என்று ஆரம்பித்து ஆற்றிய சொற்பொழிவுகள் ஏராளம். நைனா அவற்றைக் கேட்டபடியே தூங்கிவிடுவார். இருமல் மட்டும் தூங்காது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "குடிகாரர் வீட்டில் ஒரு தேசத் தொண்டன் சாப்பிட முடியாது" என்று அறிவித்துவிட்டு வெளியேறினேன். (அறிவித்தது, சாப்பிட்டு முடித்த பிறகு.)

"போடா, போ. உன் கண்ணு முன்னாடியே ஒரு நாள் கள்ளு கொண்டாரச் சொல்றேன் பாரு!" என்று நைனா பின்னாலிருந்து கத்தினார். அந்தப் பேச்சு என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

தொண்டர் முகாமில் போய்ச் சேர்ந்தேன். எந்தக் கடையை மறிப்பது என்ற கேள்வி வந்தபோது, ரங்கையா கடை என்றேன். சொந்த அப்பா குடிக்கும் கடையையே மறிக்கத் துணிந்தவன் என்று மெய்சிலிர்த்து, என்னையே தலைவனாக்கிவிட்டார்கள்.

மறியலுக்கு ஒரு முறை உண்டு. குடிக்க வருகிறவரை "சகோதரரே, வேண்டாம்" என்று கும்பிட வேண்டும். கேட்காவிட்டால் காலில் விழ வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வாசலில் குறுக்கே படுத்துவிட வேண்டும். படுத்திருப்பவனைத் தாண்டினால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. தலைகால் தெரியாமல் குடிக்கிறவன்கூடத் தாண்ட மாட்டான். பகுத்தறிவு, விடுதலை என்று நாங்கள் பேசாத பேச்சில்லை. ஆனால் எங்கள் போராட்டம் முழுக்க அந்த மூடநம்பிக்கையின் மேல்தான் படுத்திருந்தது.

ஒரே ஒரு விலக்கு இருந்தது. சாவு வீடு. குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளம் அடிக்கிறவர்களுக்கும் கள்ளு ஊற்றாமல் எங்கள் பக்கத்தில் பிணம் நகராது. ஆகவே "சாவு வூடு" என்று சொல்லிப் பானையோடு வருகிறவர்களுக்கு வழி விட்டோம். இது ஏகாம்பரத்துக்குத் தெரிந்துபோயிற்று.

ஏகாம்பரம் மூட்டை தூக்குகிறவன். ஒரே வாரத்தில் தன் மாமியாரை மூன்று முறை சாகடித்தான். அந்த அம்மாள் எங்கள் முகாமுக்கு எதிரில் இட்லி விற்றவள். காலையில் அவள் இட்லியைத் தின்றுவிட்டு, மாலையில் அவள் இறந்த செய்தியைக் கேட்டுத் தலைகுனிந்து வழி விட்டோம். விஷயம் புரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முகாமின் சுவரில் கரித்துண்டால் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'சாவு வீடு என்றால் நம்பாதே.' தொண்டர்களை அதன் எதிரில் நிற்கவைத்து உரக்கச் சொல்லவும் வைத்தேன்.

அந்தப் பிற்பகல் வாசலில் படுக்கும் முறை என்னுடையது. வெயில் கண்ணில் படாமலிருக்கக் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். யாரோ வந்து நின்றார்கள்.

"எழுந்துரு சுந்தரம். சாவு" என்றது ஒரு குரல்.

"சகோதரரே," என்றேன், அசையாமல். "யார் செத்தது?"

"இன்னாடா சகோதரரு? நான் உன் சித்தப்பன்டா. நைனா பூட்டாருடா."

குல்லாயைத் தூக்கிப் பார்த்தேன். கோவிந்தன் சித்தப்பா காலிப் பானையோடு நின்றார். பக்கத்தில் மேளக்காரர், மேளத்தைத் தோளில் மாட்டியபடி. ஆக, நைனா சொன்ன அந்த 'ஒரு நாள்' வந்துவிட்டது என்று நினைத்தேன். என் கண் முன்னாலேயே கள்ளு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்! அதுவும் மேளத்தோடு! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

"சித்தப்பா, நைனாவுக்குத் தாகம் என்றால் அவரையே வந்து கேட்கச் சொல்லுங்கள்" என்றேன்.

தொண்டர்கள் கைதட்டினார்கள். மேளக்காரர் மேளத்தைக் கீழே இறக்கி வைத்தார். "இன்னா புள்ளப்பா இது" என்றார்.

சித்தப்பா என் தலைமாட்டில் குந்தினார். "காலைல கஞ்சி வாணாம்னு திரும்பிப் பட்த்தாரு, அவ்ளோதான். ஊட்ல கெடத்திவெச்சிகினு கீறோம். நீ வந்தாத்தான் எடுக்க முடியும். பொழுது சாஞ்சிடும்டா, வா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது. கூட்டத்தைக் கண்டால் எனக்குப் பேச்சு வந்துவிடும்.

"நண்பர்களே!" என்று படுத்தபடியே ஆரம்பித்தேன். "இந்த விஷம் மனிதனை எவ்வளவு தாழ்த்திவிடுகிறது பாருங்கள்! தான் செத்துவிட்டதாகப் பெற்ற மகனிடமே சொல்லி அனுப்பும் அளவுக்கு!"

பேச்சு நீண்டது. நல்ல பேச்சு, அதைவிட நல்ல பேச்சை நான் பிறகு பேசியதில்லை. சித்தப்பா முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறை, "போதும்டா" என்றார். அது நைனாவின் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது ரங்கையா வெளியே வந்தார். மேளக்காரரிடம் ஏதோ தெலுங்கில் கேட்டார். அவர் சொன்ன பதிலைக் கேட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு உள்ளே இருந்தவர்களைப் பின்வழியாக அனுப்பிவிட்டு, கடையின் மரப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி மூட ஆரம்பித்தார்.

எங்கள் மறியலுக்கும், போலீசின் தடியடிக்கும், ஐப்பசி மழைக்கும் மூடாத கடை அது. தொண்டர்கள் வெறி பிடித்தவர்களைப் போல் "ஜே!" போட்டார்கள். ஒருவன் என்னைத் தூக்கி உட்காரவைத்துக் கதர் நூல் மாலையைக் கழுத்தில் போட்டான். "வெற்றி! வெற்றி!" என்று குதித்தார்கள். என் நைனாவின் சாவுக்கு முதலில் எழுந்த சத்தம் அதுதான்.

"ஏமி சத்தம் இது?" என்று ரங்கையா அதட்டினார். "இத்தினி வருசமா வந்த மனுசன் பூட்டாரு. இன்னிக்குக் கடை லேது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ பட்த்துகினு கீற நாள்லேர்ந்து அவரு அந்த முனை வரைக்கும் வருவாரு. நின்னு பாப்பாரு. பூடுவாரு. பின்வழியா வாய்யான்னேன் ஒரு நாளு. 'வாணாம், புள்ள படுத்துகினு கீறான், எந்தப் பக்கம் வந்தாலும் தாண்டினாப்பலதான்'னாரு."

குல்லாய் கண்ணை மூடிவிட்டது. அது பெரியதாக இருந்ததற்கு அன்று ஒரு நாள்தான் நன்றியோடு இருந்தேன்.

இனி அழுதுகொண்டே ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கள்ளு வாங்க வேண்டியிருந்ததே! மூடின கடையிலிருந்து வேறு யார் கையிலும் தர மாட்டேன், பிள்ளை கையில்தான் தருவேன் என்று ரங்கையா பிடிவாதம் பிடித்தார். பின்பக்கம் போய்ப் பானை நிறைய வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, தலையில் குல்லாயும் கழுத்தில் நூல் மாலையுமாகத் தெருவுக்கு வந்தேன்.

தொண்டர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, நான் பழக்கிய அதே முறையில், ஒவ்வொருவராக என் காலில் விழுந்தார்கள்.

"சகோதரரே, வேண்டாம்!"

"சாவு வீடு" என்றேன்.

"தலைவரே, நீங்கதானே சொல்லியிருக்கீங்க?" என்றான் ஒருவன், உண்மையான வருத்தத்தோடு. அடுத்த கணம் எல்லோரும் தெருவின் குறுக்கே படுத்துவிட்டார்கள். கள்ளு நுரைத்து வழிந்து என் கதர்ச் சட்டை நனைந்தது. தாண்ட எனக்குக் கால் எழவில்லை. பகுத்தறிவெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

என்னைக் காப்பாற்றியவன் ஏகாம்பரம். வழக்கமான தன் நேரத்துக்கு வந்தவன், நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அய்ய, எழுந்திருங்கடா கஸ்மாலங்களா! இது நெசச் சாவுடா. பொய்ச் சாவு மூஞ்சி எப்டி கீதும்னு என்னாண்ட கேளுங்க!" என்று கத்தி, ஒவ்வொருவனாகக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டு வழி செய்தான்.

வீட்டில் நைனாவைக் குளிப்பாட்டியிருந்தார்கள். அப்படியும் கண்ணோரச் சுருக்கங்களில் கரி போகவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. "அவரு வாயில ஒரு சொட்டு வுடுடா. ஆசைப்பட்டுகினு கெடந்தாரு" என்று மட்டும் சொன்னாள். ஊற்றினேன். அது கடைவாயோரம் வழிந்து காதுப் பக்கம் ஓடியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

இருட்டுவதற்குச் சற்று முன் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிற்பகலில் கள்ளுப் பானை சுமந்த அதே தோளில் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து குழியைச் சுற்றி வந்தேன். எங்களில் உரக்க அழுதவன் ஏகாம்பரம். மேளக்காரர் மட்டும் வழியெல்லாம், "குடிய கொஞ்சங்கொஞ்சமா நிறுத்தணும். தடாலுனு நிறுத்தினா ஒடம்பு இன்னாத்துக்காவும்?" என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டு வந்தார். அது உண்மையா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவும் கடைசி வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மொட்டை அடிக்கக் கழற்றிய குல்லாயை மறுபடி நான் போடவில்லை. ஆனாலும் கள்ளு நல்லது என்று இன்றும் சொல்ல மாட்டேன். நான் பேசிய பேச்சில் பெரும்பகுதி சரிதான். அந்தப் பேச்சை நான் யாருக்காகப் பேசினேனோ, அவர் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

சில வருஷங்கள் கழித்துச் சிவப்புக் கொடி ஏறியது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். வாசற்கதவைக் காக்கும் பொறுப்பு எனக்கு. ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்பது கமிட்டியின் உத்தரவு. மூன்றாம் நாள் ஏகாம்பரம் வந்தான். அவனுக்கும் அங்கேதான் வேலை.

"தலைவரே, மாமியா பூட்சி. உள்ள கீற மச்சானாண்ட சொல்லணும்" என்றான்.

நகர்ந்து வழி விட்டேன். உள்ளே போனவன் மாலை வரை வேலை பார்த்துவிட்டு வந்தான்.

கமிட்டி கூடி விசாரித்தது. "ஏன் விட்டாய்?" என்றார்கள். சாவு வீடு என்றான் என்றேன். "நம்பினாயா?" என்றார்கள். "இல்லை" என்றேன். எப்படி நம்புவது? அந்த மாமியார் எங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலைநிறுத்தக்காரர்களுக்கு இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். விசாரித்தவர்கள் வாயிலும் அவள் இட்லிதான். கொடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் செய்தது நியாயம். என்னை வைத்துக்கொண்டு ஒரு போராட்டமும் ஜெயிக்காது. ஆனால் பத்துப் பேர் பொய் சொல்லி உள்ளே போனாலும் போகட்டும், நிஜமாகவே சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒருவனிடம் இன்னொரு முறை நான் பேச்சு நிகழ்த்த மாட்டேன். இதற்கு ஏற்ற கட்சி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

என் இந்தக் கொள்கை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நான் எதையாவது கூடாது என்று சொல்லிவிட்டால் அதை மாற்ற ஒரே வழிதான். போன வாரம் மகள் சினிமாவுக்குக் கிளம்பினாள். கூடாது என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "சாவு வூடு, நைனா" என்றாள்.

"யாரு செத்தது?" என்றேன்.

"உங்க நைனா" என்றாள்.

கதவோரம் காற்றுக்காகக் காலை நீட்டிப் படுத்திருந்தேன். எழுந்து வழி விட்டேன்.