மண்ணூர்பேட்டைக் கூழ்ப்போரில் எத்திராஜ் உள்ளூரானான காதை

வாழ்க எத்திராஜ்! லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும், அவர் பெயர் தாங்கிய ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் கம்பெனித் துரையும் அரசோச்சிய பொற்காலத்தில், அத்துரையின் அறைவாசலில் முக்காலியிட்டமர்ந்து பேனா முனையால் ஏழ்கடலையும் கட்டியாண்ட குமாஸ்தாக் குலதிலகம், எண்ணெய் மினுக்கும் சுருள்முடியோன், பித்தளைப் பித்தான் கோட்டோன், பீச்சுக் காற்று வாங்கியே விரிந்த மார்போன் வாழ்க! அவன் வீரம் பாடப் புகும் என் நாவில் கலைமகள் வந்து அமர்க. இந்த வெயிலில் அவளுக்கு வேறு சோலி இருந்தால் மண்ணூர்பேட்டை ஏரிக்கரை அம்மனாவது வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்னவன் நெஞ்சில் ஒரு சொல் முள்ளாய்த் தைத்திருந்தது. 'பட்டணத்தார்' என்பதே அச்சொல். மண்ணூர்பேட்டையில் பிறந்த சாமுண்டீஸ்வரியைப் ஊரார் யாரும் வராத பட்டணத்துச் சத்திரத்தில் வைத்து மணமுடித்த நாள் முதலாய், அவளும் அவள் தம்பி கோதண்டமும் பட்டணத்தாருக்குக் காரம் ஆகாது, பட்டணத்தாருக்கு வெறுங்கால் நோவும், பட்டணத்தாருக்கு மாடு என்றால் பயம் என்று வாய் ஓயாமல் சொல்லிச் சிரித்தனர். மாடு என்றால் பயந்தான், அதை நான் மறுக்கவில்லை. அதற்காக ஆண்மகனை அப்படியா சிரிப்பார்கள்?

ஆதலின் அவ்வீரன் வஞ்சினம் கூறினான். வரும் ஆடியில் மாமனார் ஊர்க் கூழ்வார்ப்புக்குச் சென்று, ஒரு வாயும் தன்னை அசலூரான் என்று சொல்லாதவாறு உலவி, ஊர் பார்க்க உள்ளூரானாகக் கூழ் குடித்து மீள்வேன். தவறினேனாயின் ஆயுசு முழுக்கச் சாமுண்டீஸ்வரி முன் எதிர்வாய் பேசேன்! அவள் அதைக் கேட்டு, அம்மன் இவரைத் தோற்க வைக்கட்டும் என்று அப்போதே மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

ஜட்கா வண்டிக்காரர்களின் பின்னால் திரிந்து அவர்தம் பேச்சை மனப்பாடம் செய்தான். செருப்பைத் துறந்தான். கோட்டைக் கழற்றினான். அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி மாமனார் வீடு சேர்ந்த அன்று மாலையே மைத்துனனை மூலைக்கு இழுத்துச் சென்று கற்பூரம் ஏற்றி, "யார் கேட்டாலும் நான் இந்த ஊருன்னுதான் சொல்லணும் மச்சான். அம்மன் மேல ஆணை!" என்று கைமேல் அடித்துச் சத்தியம் வாங்கினான்.

"அதில்ல மாமா, அங்க கூழு ஊத்தறப்போ இன்னா பண்ணுவாங்கன்னா..." என்று கோதண்டம் ஏதோ தொடங்கினான்.

"மூச்! உள்ளூர்க்காரனுக்கே நீ சொல்லிக் கொடுக்கிறியா?" என்று முழங்கினான் எத்திராஜ். கோதண்டமும் நமக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் ஞாயிறு. கூழுக்கு வயிறு வெற்றிடமாக இருத்தல் வேண்டும் என்று காலை உணவைப் புறங்கையால் தள்ளி, வெறுங்காலனாய்த் திருமுல்லைவாயிலுக்குத் திக்விஜயம் புறப்பட்டான் நம் நாயகன். அங்கே ஈசனுக்கு முதுகு காட்டி வாயிலை நோக்கி அமர்ந்த நந்தியின் முன் நின்று, காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை மடக்கி, "இன்னா பாக்கறீங்க? எங்க ஊரு நந்தி அப்படித்தான். யார் வர்றாங்கன்னு பாத்துகினு கீது" என்று விளக்கமும் அருளினான். அவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். முதல் வெற்றி! அந்த வெற்றியைச் சுமந்து, கொதிக்கும் மண்ணில் பாதம் பொரியப் பொரிய, அவன் மண்ணூர்பேட்டைக்குத் திரும்பி நடந்தபோது உச்சி வெயில். வயிற்றுக்குள் நால்வகைப் படையும் முரசறைந்துகொண்டிருந்தது.

ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில், வேப்பிலைத் தோரணத்தின்கீழ், யானை உட்கார்ந்தாற்போல் வீற்றிருந்தது அண்டா. அதனுள் கேழ்வரகும் நொய்யும் கூடிக் குழைந்து, மோர் கலந்து, வெங்காயம் மிதந்து, மணம் பரப்பியது கூழ். பக்கத்துச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு, முறத்தில் முருங்கைக்கீரை. கையில் செம்புடன் அதற்குக் காவல் நின்றாள் கன்னியம்மாள். ஏழூர்க் கிணற்றடிகளிலும் எதிரி இல்லாதவள், மணியக்காரரையே 'ஓரமா நில்லு' என்றவள், அவள் அளந்து ஊற்றினால் அதுதான் சட்டம்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒரே கேள்வி கேட்டுவந்தாள். நம் நாயகன் முன் வந்தாள்.

"நீ எந்த ஊரு நைனா?"

ஆகா, வந்தது தருணம்! மார்பு விம்ம, குரல் அதிர, சுற்றிலும் காக்கைகள் பறக்க அவன் பிரகடனம் செய்தான்: "இன்னாக்கா இப்படிக் கேட்டுட்டே! நான் இந்த ஊருதான்! இங்கியே பொறந்து இங்கியே வளந்துகினு கீறேன்!"

கன்னியம்மாள் பக்கத்தில் நின்ற கோதண்டத்தைப் பார்த்தாள். கோதண்டம் கற்பூரத்தை நினைத்தான். "ஆமாக்கா, நம்ம ஊரு ஆளுதான்" என்றான்.

"அப்ப இன்னா மரம் மாதிரி நிக்கறே? போய் ஏரியிலேந்து தண்ணி கொண்டா" என்றாள் அவள்.

கேளுங்கள், கேளுங்கள்! அவ்வூர் அம்மன் முன்னொரு காலத்தில் பசித்த அசலூர்க்காரியாய் வந்து கூழ் கேட்டாளாம், ஊரார் விரட்டினார்களாம். அன்று தொட்டு அங்கே அசலூராருக்கே முதல் செம்பு. வயிறு நிறைய ஊற்றி, 'போதும் தாயே' என்று அவர்கள் கும்பிட்ட பிறகு பெண்டு பிள்ளைகள். பிறகு ஊர்ப் பெரியவர்கள். கடைசியில், மீந்தால், ஊர் வாலிபர்கள். அதுவரை அவ்வாலிபர்கள் தண்ணீர் சுமப்பர், விறகு தள்ளுவர். இதைத்தான் கோதண்டம் சொல்ல வந்தான்.

எத்திராஜ் குடம் சுமந்து மீண்டபோது, சங்கிலி அறுந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் அவ்வழி வந்தார். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் எட்மண்ட் என்னும் கிறிஸ்தவர்.

"நான் சென்னீர்குப்பம்மா. வேதக்காரன். நெழலுக்குத்தான் ஒதுங்கினேன்" என்றார் அவர் தயங்கி.

"வேதக்காரனுக்கு வயிறு இல்லியா? உக்காரு" என்று கன்னியம்மாள் ஊற்றினாள். அவர் குடித்தார். மறுபடி ஊற்றினாள். கருவாட்டின் நடுத்துண்டம் அவர் இலைக்குப் போயிற்று. அந்தத் துண்டத்தை நம் நாயகன் பார்த்த பார்வை இருக்கிறதே, எட்மண்டுக்கு அப்புறம் வயிற்று வலி வராதிருந்தது அம்மனின் கருணை.

"இன்னும் அசலூரு ஆளு யார்னா கீறீங்களா?" என்று கூவினாள் கன்னியம்மாள்.

அந்தோ! அக்கணம் எத்திராஜின் உடம்பெனும் குருக்ஷேத்திரத்தில் நாவும் வயிறும் பொருதன. சொல்லிவிடு என்றது வயிறு. சாமுண்டீஸ்வரி பெண்டிர் வரிசையில்தான் நிற்கிறாள், செத்தாலும் சொல்லாதே என்றது நா. நா வென்றது. பெண்டிர் குடித்தனர். சாமுண்டீஸ்வரி அவனைப் பார்த்தபடியே, சொட்டு மிச்சமின்றி, மெதுவாகக் குடித்தாள். பெரியவர்கள் குடித்தனர். செம்பு அண்டாவின் அடியைத் தொட்டு 'ணங்' என்ற ஒலி எழக் கேட்டதும் மானம் ரோஷம் எல்லாம் காற்றில் பறக்க, "நான் பட்டணம்! அம்மன் சத்தியமா பட்டணம்! ஜார்ஜ் டவுன்!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தான் அவ்வீரன்.

ஊரே சிரித்தது. "அடப்பாவி, ஒரு செம்புக் கூழுக்குப் பொறந்த ஊரையே மாத்திச் சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள் கன்னியம்மாள், முகத்துக்கு நேராக.

"மச்சான், நீயாவது சொல்லேன்!"

கோதண்டம் கண்களை மூடிக்கொண்டான். "நம்ம ஊரு ஆளுதான்க்கா. அம்மன் மேல ஆணை."

"ஏம்மா சாமுண்டி, நீ பட்டணத்துல வாக்கப்பட்டவதானே, இந்த மூஞ்சிய அங்க எங்கியாவது பாத்தியா?"

சாமுண்டீஸ்வரி தன் கணவனை உச்சி முதல் பொரிந்த பாதம் வரை நிதானமாக நோக்கினாள். வேண்டுதல் பலிக்கும் வேளை வந்தும், அம்மன் கொடுத்த வரத்தை அவள் வாங்கவில்லை. அதைவிட இனிதான ஒன்று அவளுக்குக் கிட்டியிருந்தது. "பட்டணத்தாரு இந்த மாதிரி எல்லாம் ஓடியார மாட்டாங்கக்கா. இது இந்த ஊருதான்" என்றாள்.

இவ்வாறாக, வஞ்சினம், கூழ் குடிப்பது ஒன்று நீங்கலாக, சிறிதும் பிழையாது, மைத்துனன் ஆணையிட, மனையாள் சான்றுரைக்க, ஊரார் ஒருமித்து ஒப்ப, உள்ளூரான் என்னும் பெறற்கரும் பட்டம் பெற்ற எத்திராஜ், வாலிபர்க்குரிய கடைசிக் கடமையாம் வெற்று அண்டாவைத் தலைக்கு மேல் மணிமுடியெனத் தாங்கி, தேங்காய் நாரும் சாம்பலும் படைக்கலமாய் ஏந்தி, பசித்த வயிறே வெற்றிமுரசாய் அதிர, ஏரிப்படியில் இறங்கினான்.

கூழ் அடிப்பிடித்திருந்தது.