சுவரில் மாட்டிய சாந்தி

ஆணி அடிக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படத்தை மாட்டிவிட்டு விலகி நின்றதும் ஒபெங் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

கடையில் நீல விளக்கின் கீழே அது சாந்தமாக இருந்தது. தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் பார்த்தாலே வீடு அமைதியாகிவிடும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். பகல் வெளிச்சத்திலோ ஒரே சிவப்பும் கறுப்பும்! கானா நாட்டுக் குமாசியில் அந்த இரண்டும் சேர்ந்தால் எழவு வீடு என்று பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும்.

"எங்கம்மா காலையிலயே சுன்யானியில பஸ் ஏறியாச்சு," என்றாள் மனைவி செர்வா. "அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு. வீடு அமைதியா இல்லேன்னா அவங்களோட நானும் ஊருக்குக் கிளம்பிடுவேன்னு சொன்னேன்ல? நீங்க என்னடான்னா எழவு வீடு ஜோடிச்சு வச்சிருக்கீங்க!"

அதற்குள் பக்கத்து வீட்டு டொன்கோர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"கேள்விப்பட்டதும் கையும் ஓடல காலும் ஓடல தம்பி. தைரியமா இரு."

"ஐயோ அக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆகல!"

"முதல்ல அப்படித்தான் தோணும்."

வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, அப்புறம் வந்த காரியம் கேட்பது அந்த ஊர் மரியாதை. ஒபெங் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டான். காரியம்தான் சுவரில் தொங்குகிறதே!

அக்கா போனதும் படத்தின்மேல் வெள்ளைப் போர்வையைப் போர்த்தினான். "வயசானவங்க செத்தாத்தான் வெள்ளை கட்டுவாங்க," என்று செர்வா தலையில் அடித்துக்கொண்டாள். சொல்லி வாய் மூடவில்லை, டொன்கோர் அக்கா தேவாலயப் பாட்டுக்காரிகளோடு திரும்பி வந்துவிட்டாள். கூடவே, பார்வை மங்கிய அன்டோ தாத்தாவும் கோலூன்றி வந்து மூலையில் உட்கார்ந்தார்.

"எல்லார் வீட்டுக்கும் ஒருநாள் வர்றதுதாம்ப்பா," என்றார்.

ஒபெங்குக்கு அழுகையே வந்துவிட்டது. அவனும் செர்வாவும் படத்தைப் போர்வையோடு கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படுக்கைவசமாக முற்றத்து வழியே கொண்டுபோனார்கள். அதைப் பார்த்ததும் முற்றத்துக் குடித்தனங்கள் அத்தனையும் எழுந்து வழிவிட்டன. பாட்டுக்காரிகள் பாட்டை எடுத்தார்கள். தெருவில் போன டாக்சிக்காரன்கூடத் தொப்பியைக் கழற்றினான்.

அந்த டாக்சியிலிருந்து வாழைத்தாரோடு இறங்கினாள் மாமியார்.

"யாருய்யா செத்தது?"

பாட்டு நின்றது. செர்வா அவனை முறைத்த முறைப்பில் பாதிப் பெட்டி கட்டி முடிந்திருந்தது.

"யாரும் சாகல அத்தை! சத்தியமா!" ஒபெங் அலறினான். "எல்லாம் நான் வாங்கின படத்தால வந்த வினை. அதைப் பாத்துட்டுத்தான் இவங்கல்லாம் துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க!"

வந்திருப்பது யாரென்று தெரியாமல், உள்ளேயிருந்து அன்டோ தாத்தா உரக்கக் கேட்டார்:

"எந்தப் படம்டா? உன் மாமியா பஸ் ஏறிட்டான்னு டொன்கோர் சொன்னா, பாவம் புள்ளைக்கு ஆறுதல் சொல்லலாமேன்னு வந்தோம்!"