சொட்டு காயும்வரை

மே மாதப் புதுச்சேரியில் மின்விசிறியைப் பகைத்துக்கொண்டு உயிரோடு இருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். உப்பளம் மகளிர் விடுதியில் என் அறைத்தோழி, ஆராய்ச்சி மாணவி. விடுதி முழுக்க அவருக்குச் சொட்டக்கா என்றே பெயர்.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் கலந்த நீரைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைப்பார். அது காய்வதைப் பார்ப்பார். ஆராய்ச்சி அவ்வளவுதான். பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் பார்த்தது போதாதென்று அறையிலும் ஒத்திகை நடக்கும்.

"ஃபேன் போடாதடி, சொட்டு காயுது."

"நான் வேர்வையில ஊறிப் போறேன்க்கா."

"நீ அப்பறமா காயலாம்."

அவருடைய துக்கமெல்லாம் ஒன்றுதான். சொட்டின் ஓரம் முதலில் காய்கிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. துகள்களையும் இழுத்துப் போய் விளிம்பில் குவித்துவிடுகிறது. சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கறுத்திருக்குமே, அதே வட்டம். அக்காவுக்கு வேண்டியதோ எங்கும் சீரான பூச்சு. ஒருமுறை விடுதிக் காப்பாளரின் மேஜைக் கறையைக் குனிந்து பார்த்து, "நல்ல வட்டம் மேடம்" என்றார். பாராட்டு என்று நினைத்து அவரும் நன்றி சொன்னார்.

ஆய்வுக் குழுவிடம் முடிவைக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் எனக்கு டெங்கு. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சோப்பு மாதிரி ஏதோ கலந்து அன்று காலைதான் அக்கா புதிய சொட்டு வைத்திருந்தார். காயக் காய அருகிலிருந்து படமெடுக்க வேண்டும். ஆனால் விடிய விடிய என் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, குளுக்கோஸ் சொட்டுவதை முறைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் என்று நினைத்துப் பக்கத்துக் கட்டில்காரம்மா மாத்திரை கேட்டார்.

"நீ போக்கா. சொட்டு காஞ்சிடும்."

"காயட்டும். வேற ஒண்ணு வெச்சிக்கிறேன். நீ கஞ்சியக் குடி."

மறுநாள் குழுவிடம் காட்டப் பழைய வட்டங்களே இருந்தன. பட்டத்தைப் பல மாதங்கள் தள்ளிப் போட்டார்கள். அதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. விடுதிச் சமையல்காரம்மா சொல்லித்தான் தெரியும்.

பிறகு ஒரு மழை நாளில் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் செய்தார். "நடுவுலயும் துகள் இருக்குடி" என்றார்.

பட்டமளிப்பு அன்று, மீன் விற்கும் அவர் அம்மா குப்பத்திலிருந்து பட்டுப்புடவையில் வந்திருந்தார். மேடையில் மகள் பெயரைக் கூப்பிட்டதும் நான் விசும்ப, அந்தம்மா திரும்பிப் பார்த்தார்.

"நீ ஏம்மா அழுவுற? ஒனக்குமா பட்டம் குடுக்கறாங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.