ஆறாம் அட்டை

கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் உப்பு வைக்காமல் போனால் நான் கேட்கமாட்டேன். அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். (தூத்துக்குடியில் பிறந்துவிட்டு உப்பு கேட்கக் கூச்சமா என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.) இப்படிப்பட்ட என்னைத்தான், பள்ளித் தலைமையாசிரியையிடம் போய் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வர அனுப்பினார்கள்.

அந்த ஒரு மணி நேரம் என் மகள் செல்விக்கு. அப்போது பத்தாம் வகுப்பு. வாயால் கேட்டால் கடகடவென்று பதில் சொல்வாள். தாளைப் பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் மாறி ஓடும். டிஸ்லெக்சியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. அதற்கான விண்ணப்பத்தில் தலைமையாசிரியை கையெழுத்து வேண்டும். அன்றுதான் கடைசி நாள். பதினொரு மணிக்கு அவர் திருநெல்வேலிக்கு ஒரு கூட்டத்துக்குக் கிளம்புகிறார். பேசத் தெரிந்த என் மனைவிக்கோ காய்ச்சல்.

எனக்கு வேலை லாரி எடைமேடையில். உப்பு லாரிக்காரர்களிடம் நாள் முழுக்க இரண்டே சொல்தான்: "முன்னால வா", "நிறுத்து".

செல்விக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ரோஸ் மிஸ், பெரிய பதிலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டையில் படம் வரையச் சொல்வார். அட்டையை வரிசையாகப் புரட்டினால் பதில் தானாக வரும். செல்வி எனக்கும் ஆறு அட்டை செய்துவிட்டாள். முதலில் கும்பிடும் கை, அடுத்து நாற்காலி. மூன்றாவதில் தலைமையாசிரியையின் முகம். ("கண்ணப் பாத்தா பயந்துருவீங்கப்பா, மூக்க மட்டும் பாருங்க." அதனால் மூக்கைச் சற்றுத் தாராளமாக வரைந்திருந்தாள்.) நான்காவது கடிகாரம், நேரம் கேட்பதற்கு. ஐந்தாவது பேனா. ஆறாவதில் வாசலைப் பார்த்த ஒரு ஜோடிச் செருப்பு: நன்றி சொல்லி வெளியே வரவும்.

பத்தே முக்காலுக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். கரண்ட் இல்லை. கும்பிட்டேன், உட்கார்ந்தேன், மூக்கைப் பார்த்தேன்.

"உங்க பொண்ணு கேட்டா எல்லாம் சொல்லுதா. எழுதுறதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? சோம்பேறித்தனம்தான?" என்றார் தலைமையாசிரியை.

நான்காம் அட்டைக்குக் கை போன நேரம் கரண்ட் வந்தது. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, ஆறு அட்டையும் பறந்தன. தரையில் தவழ்ந்து பொறுக்கினேன். ஐந்துதான் கிடைத்தது. நிமிர்ந்தபோது கையில் மேலாக இருந்தது ஆறாம் அட்டை, செருப்பு.

"ரொம்ப நன்றிங்கம்மா" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

வராந்தா பெஞ்சிலிருந்து செல்வி எழுந்தாள். "போட்டுட்டாங்களாப்பா?"

"இல்லளா."

"ஏன், என்ன சொன்னாங்க?"

"நான் கேக்கவே இல்ல. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

"எதுக்கு நன்றி?"

எனக்கும் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "இன்னைக்கு விட்டா அவ்ளோதாம்ப்பா. கணக்குல பாதிகூட எழுதி முடிக்க மாட்டேன்" என்றாள். விண்ணப்பம் என் சட்டைப்பையில் மடித்தது மடித்தபடி இருந்தது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். திரும்ப ஓடினேன். அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பது மறந்துவிட்டது. என்னிடம் இருந்த இரண்டு சொல்லில் ஒன்றுதான் வந்தது.

"நிறுத்து."

லாரிக்குச் சொல்லும் அதே குரலில். அவர் நின்றுவிட்டார். வராந்தாவில் போன இரண்டு டீச்சர்களும் நின்றுவிட்டார்கள்.

"அம்மா... ஒரு மணி நேரம் கேக்கத்தான் வந்தேன். மனசுல எல்லாம் இருந்துச்சு. அட்டை கலைஞ்சதும் ஒண்ணும் வாயில வரல. எம் பிள்ளைக்கும் பரீச்சையில இதான் நடக்கு. அவ சோம்பேறி இல்லம்மா."

அவர் மேசைக்குத் திரும்பினார். அங்கே, பேனாத் தாங்கியில் சாய்ந்தபடி, மூன்றாம் அட்டை.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். "என் மூக்கு இவ்வளவு பெருசா, அண்ணாச்சி?"

எடை போடுகிறவனுக்குக் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லை. இன்னொருமுறை அவர் மூக்கைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"தாளக் குடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். அட்டையை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

செல்வி அந்தக் கூடுதல் மணியின் கடைசி நிமிடம் வரை எழுதித் தேறினாள். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மூன்றாம் அட்டை திரும்பி வரவில்லை. அதைக் கேட்கிற ஆளா நான்? மற்ற ஐந்தும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கின்றன. ரேஷன் கடையோ, ஆஸ்பத்திரியோ, நான் எதற்குக் கிளம்பினாலும் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"ஆறாம் அட்டைய இங்கனயே வச்சிட்டுப் போங்க."